கொடையா, பேரமா? விமானிகள் சம்பளம் குறித்த 83ஆம் தீர்ப்பு

அமெரிக்க விமானிகள் சங்கம் 1931இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் கூட்டு ஒப்பந்தம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்துடன் 1939இல்தான் கையெழுத்தானது. இடைப்பட்ட ஆண்டுகளைப் பேச்சுவார்த்தைக்கு முந்தைய காலம் என்று ஒதுக்கிவிடும் போக்கு ஆய்வுலகில் வேரூன்றியுள்ளது. தேசியத் தொழிலாளர் வாரியம் 1934 மே 10 அன்று வழங்கிய 83ஆம் தீர்ப்பும் இப்பார்வையில் ஒரு சலுகையாகிவிடுகிறது. சங்கத் தலைவர் டேவிட் பெங்க்கி தம் அரசியல் செல்வாக்கால் ரூஸ்வெல்ட் அரசிடமிருந்து அதைப் பெற்றுத் தந்தார் என்பதோடு கதை முடிகிறது. தீர்ப்பின் சம்பளப் பகுதியைக் கணக்குப் போட்டுப் படித்தால் இம்முடிவு நிலைக்காது என்றே தோன்றுகிறது.

தீர்ப்புக்கு இட்டுச்சென்ற சம்பளப் பூசலின் காலத்தை முதலில் கவனிக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் மைல் கணக்குச் சம்பளத்தைக் கைவிட்டு மணிக்கணக்குக்கு மாற முனைந்தது 1933இல். போயிங் 247 சேவைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். வேகம் கூடினால் அதே வழித்தடத்துக்கு ஆகும் நேரம் குறையும். மைல் கணக்கு நீடித்தால் வேகத்தின் ஆதாயம் விமானிக்கு. மணிக்கணக்கு வந்தால் முதலாளிக்கு. இதனால்தான் வேலைநிறுத்த எச்சரிக்கைவரை விவகாரம் முற்றியது.

தீர்ப்பு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. பணிமூப்பின்படி ஏறும் அடிப்படைச் சம்பளம், மணிக்கூலி, மைல் கூலி என மூன்றையும் அடுக்கியது. பகல் பறப்பில் மணிக்கு 125 மைலுக்குக் குறைவான வேகத்துக்கு 4 டாலர். வேகம் ஏற ஏறக் கூலியும் படிப்படியாக உயர்ந்து, 200 மைலை எட்டினால் 5 டாலர். இரவுப் பறப்புக்கு இதைவிட அதிகம். 600 மைல் தடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 100 மைல் வேகத்தில் ஆறு மணி நேரம், 24 டாலர். 200 மைல் வேகத்தில் மூன்று மணி நேரம், 15 டாலர். மணிக்கூலி உயர்ந்தும் பயணத்துக்கான வருமானம் 9 டாலர் சரிகிறது. அந்தச் சரிவைத் தாங்கிப் பிடிக்கவே மைல் கூலி சேர்க்கப்பட்டது. வேகத்தின் ஆதாயத்தை இரு தரப்புக்கும் பங்கிடும் ஏற்பாடு இது. கொடை கொடுப்பவர் இப்படிக் காசு காசாகப் பிரித்துக் கொடுப்பதில்லை.

மாதத்துக்கு 85 மணி நேரம் என்ற உச்சவரம்பையும் இதே கோணத்தில்தான் பார்க்க வேண்டும். அதைப் பாதுகாப்பு விதி என்று மட்டும் கொள்வோருக்கு ஒன்று சொல்லலாம்: பின்னாளில் அரசின் பாதுகாப்பு விதிமுறை உள்நாட்டு விமானிகளுக்கு மாதம் 100 மணி நேரம்வரை அனுமதித்தது. களைப்பைத் தடுப்பது ஒரு நோக்கமாக இருந்திருக்கலாம். ஆனால் வேகமான விமானத்தில் விமானியின் மணிகளை வரம்பின்றிக் கூட்டி ஆளைக் குறைப்பதற்கும் அந்த வரம்பு தடை போட்டது. சம்பளச் சூத்திரமும் நேர வரம்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

மூன்றாம் தரப்பு அளித்த தீர்ப்பை ஒப்பந்தம் எனலாமா என்ற கேள்வி எழலாம். இரு தரப்பும் வாதாடி, இரண்டின் கணக்கும் முடிவில் பதிந்திருக்கையில், கையெழுத்து யாருடையது என்பது சிறு விஷயம். துணை விமானிகள் அதன் பயனுக்கு வெளியே நின்றது உண்மையான குறை. ஆயினும் பேரத்தின் பயன் எல்லோருக்கும் எட்டவில்லை என்பதால் பேரமே நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

சலுகை வாதத்தின் வலுவான சான்று, தீர்ப்பு சட்டத்தில் ஏறியதுதான். 1934ஆம் ஆண்டின் விமானத் தபால் சட்டமும் 1938ஆம் ஆண்டின் சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டமும் அதைக் கட்டாயமாக்கின. ஆனால் கூட்டுப் பேச்சின் மூலம் இதைவிட உயர்ந்த சம்பளமும் நல்ல பணி நிலைமைகளும் பெறும் உரிமைக்குத் தடையில்லை என்றும் 1938 சட்டம் சொல்கிறது. இந்தப் பிரிவைத் தவறவிட்டால்தான் தீர்ப்பு கொடையாகத் தெரியும். சட்டம் வகுத்தது அடித்தளத்தை. அதற்கு மேலான பேச்சைச் சங்கத்துக்கே விட்டது. ஆகவே 1939 ஒப்பந்தத்தைத் தொடக்கமாக அல்ல, ஏற்கெனவே நடந்துவந்த பேரத்தின் அடுத்த கட்டமாகவே கொள்ள வேண்டும். குறுகிய காலத்துக்கென வழங்கப்பட்ட அத்தீர்ப்பு, காலவரம்பு நீக்கப்பட்டு, அந்தப் பேர உரிமையோடு சேர்ந்தே இன்றும் அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது.