கணிப்பொறியின் காய்ச்சல்

விளையாட்டு சூடுபிடிக்கும்போது மேசைக் கணிப்பொறியின் விசிறி இரைவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த இரைச்சலுக்கு நெடிய வரலாறு உண்டு.

1946-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எனியாக் கணிப்பொறி அறிமுகமாயிற்று. அதன் சுமார் 18,000 வெற்றிடக் குழல்களும் ஏனைய பகுதிகளும் ஏறத்தாழ 150 கிலோவாட் மின்திறனை உண்டன. அது முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறியது. அவ்வெப்பத்தை வெளியேற்றக் காற்றூதிகள் ஓடின. வெப்பம் எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் அமைப்பும் இருந்தது. ஆக, குளிர்வித்தலும் வெப்பத்தைக் கண்காணித்தலும் அன்றே இணைபிரியாதவை.

பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. தனியொரு டிரான்சிஸ்டருக்கு வேண்டிய மின்சாரம் சொற்பமே. ஆனால் அவற்றை ஆயிரமாயிரமாக நெருக்கி அடுக்கியதும் வெப்பம் சிறு இடத்தில் குவிந்தது. எனவேதான் 1985-இல் வெளிவந்த கிரே-2 கணிப்பொறியின் சுற்றுகளை மின்கடத்தாத் திரவத்தில் அமிழ்த்தி வைத்தார்கள். 2000-இல் வந்த பெண்டியம் 4 சில்லோ, தன் வெப்பத்தைத் தானே அளந்து, சூடு மிகுந்தால் வேலையை மட்டுப்படுத்திக்கொண்டது.

உங்கள் கணிப்பொறியும் விளையாட்டின் நடுவே மந்தமாகிறதா? வெப்பநிலை காட்டும் மென்பொருளைப் பாருங்கள். விசிறி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை; வெப்பத்தை வெளியேற்றுகிறது, அவ்வளவே. அது செல்லும் வழியைத் தூசி அடைக்க விடாதீர்கள்!