மாதவி எழுதிய ஓலை

சித்திரை முழுநிலவு நாளில் கம்பம் பள்ளத்தாக்கின் மக்கள் கூடலூர்ப் பக்கத்துப் பளியங்குடியிலிருந்து மலையேறி, மங்கலதேவி கண்ணகி கோட்டத்தை அடைகின்றனர். பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1960களில் கண்ணகி சென்ற வழியைத் தேடி நடந்து, இக்கோட்டத்தின்பால் தமிழறிஞர் கவனத்தைத் திருப்பினார். கண்ணகிக்குக் கோட்டம் அமைந்தது. அதே காப்பியத்து ஆடல்மகளாகிய மாதவிக்கோ ஏட்டில் மட்டுமே இடம் கிடைத்தது. ஆயினும் அவ்விடம் சிறிதன்று. தமிழில் ஆடற்கல்வி பற்றிய பழைய விரிவான பதிவு அவளை முன்னிட்டே எழுந்தது.

மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள். அரங்கேற்று காதை அவளது ஆட்டத்தைச் சொல்லுமுன் ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை அடுக்குகிறது. அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அளவும் தருகிறது. அவள் பெற்ற பரிசு தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும். உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் முதலியவற்றைத் துணைக்கொண்டு இப்பகுதியை விளக்கினார். கற்பித்தோரின் இலக்கணம் இவ்வாறு நிறைந்து கிடக்கிறது. கற்றவளின் சொல் எங்கே?

அது இரண்டு மடல்களில் உள்ளது. பிரிந்துபோன கோவலனுக்கு மாதவி தாழை மடலில் செம்பஞ்சுக் குழம்பால் எழுதி, வசந்தமாலையின் கையில் அனுப்பினாள். அவன் அதை வாங்க மறுத்தான். அவள் காட்டிய அன்பையெல்லாம் கண்கூடுவரி, காண்வரி என எட்டுவகை வரிக்கூத்தாகவே எண்ணிச் சொன்னான். ஏழாண்டுக் கல்வியே அவளது சொல்லைப் பொய்யாக்கும் சான்றாகிவிட்டது. இதனினும் கொடிய திறனாய்வை எந்தக் கலைஞரும் எதிர்கொண்டிரார். இரண்டாம் ஓலையைக் கோசிகன் மதுரை வழியில் கொணர்ந்தான். அதை நம்பிய கோவலன், தன் பெற்றோர்க்கும் அவ்வோலையே பொருந்துமெனக் கூறி அவனிடமே திருப்பித் தந்தான். இரண்டும் இளங்கோ புனைந்த மடல்களே. எனினும் ஆடல்மகள் தன் கையால் எழுதுவாள் என்று ஒரு புலவர் எண்ணியது பெரிது.

தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டு வேறுவகைப் பதிவு. 1014ஆம் ஆண்டளவில் இராசராசன் பல தளிகளிலிருந்து கொணர்ந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், வந்த கோயில், தெருச்சிறகு, வீட்டின் வரிசை யாவும் அதில் உள்ளன. ஒருத்திக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நெற்கணக்கின் பொருட்டே பெயர்கள் பிழைத்தன! நானூற்றுவருள் ஒருத்தியின் சொல்கூட அங்கில்லை.

18ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவைக் கணிகை முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்தவனமு'வில் தன் மரபையும் தன்னையும் தானே பாடிவைத்தாள். 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதனை முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசமெனக் கூறி அரசு அதனைத் தடைசெய்தது. வசந்தமாலை திரும்பிய வழியே இந்நூலும் திரும்பியது எனலாம்.

தேவதாசி மரபினுள் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை' என்னும் புதினத்தை வெளியிட்டார். அம்மரபை ஒழிக்கவே அவர் எழுதினார். 1947இல் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. வீணை தனம்மாளின் பேர்த்தி பாலசரசுவதியின் நிலை வேறு. நட்டுவனார் கந்தப்பரிடம் பயின்று, 1925இல் ஏழாம் அகவையிலேயே காஞ்சியில் அரங்கேறியவர் அவர். 1975இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் அலாரிப்பைக் கோபுரமாகவும் அடுத்தடுத்த உருப்படிகளைக் கோயிலின் உட்பகுதிகளாகவும் அவர் விளக்கினார். சிருங்காரத்தை நீக்கி ஆடலைத் தூய்மையாக்க வேண்டியதில்லை என்பதே அவர் நிலை. ஒருவர் மரபை வெறுத்தும் மற்றவர் போற்றியும் பேசினர். இருவரும் தம் பெயரிலேயே பேசினர். அவ்வுரை பின்னர் அச்சேறியது. ஆடற்பள்ளிகளில் இன்றும் படிக்கப்படுகிறது.