காலால் தள்ளினால் ஓடும் மோட்டார்

போன சீசன் முடியிற நேரம். அறுகம்பேயில் அலைப்பலகை வாடகைக்குக் கொடுக்கிற கடையொன்றில் வேலை செய்யும் நண்பன் ஒருத்தன், தானே செய்த மின்சார ஸ்கேட்போர்ட்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். அவனைச் சுமக்க வேண்டிய சாமானை அவன் சுமந்துகொண்டு வந்ததைப் பார்த்ததுமே விசயம் விளங்கிட்டு.

"மோட்டர் செத்திட்டு மச்சான். ஒரு கடையில காட்டினன். உள்ளுக்கு எரிஞ்சிட்டு, புதுசுதான் போடணும் எண்டுறாங்க."

புது மோட்டார் என்றால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலை, தபால், சுங்கம் என்று கூட்டிப் பார்த்தால் சீசனில் உழைத்த காசில் பெரிய பங்கு அதிலேயே போய்விடும். 2022இல் பெற்றோல் வரிசையில் காய்ந்து, பிறகு கியூஆர் அட்டையோடு அலைந்த நாட்களில்தான் அவனுக்கு இந்தப் பலகை யோசனையே வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான் சேர்த்துச் செய்தது. லேசில் விட மனம் வராது.

நான் ஒன்றுதான் கேட்டேன்: "காலால ஒரு தள்ளு தள்ளிட்டு ரிமோட்ட அழுத்தினா ஓடுதா?"

"ஓடுது. நிண்ட இடத்திலருந்துதான் எடுக்குதில்ல. கிர்ர் எண்டு நடுங்கிட்டு நிண்டிடும்."

எரிந்த மோட்டார் ஒரு தள்ளுக்காக நல்லா ஓடாது. ஆக, பழுது வேறெங்கோ இருக்கு. அன்றைக்குப் பின்னேரம் நாங்கள் இரண்டு சோதனை செய்தோம். இரண்டுக்கும் பின்னால் இரண்டு மனிசர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் சோதனைக்குக் கருவியே தேவையில்லை. பெட்டரியையும் கொன்ட்ரோலரையும் கழற்றி வைத்துவிட்டு, மோட்டாரிலிருந்து வரும் மூன்று தடித்த வயர்களும் ஒன்றையொன்று முட்டாமல் பார்த்துக்கொண்டு மோட்டாரைக் கையால் சுற்ற வேண்டும். லேசாகச் சுற்றும். இப்போது இரண்டு வயர்களை ஒன்றோடொன்று தொட வைத்துச் சுற்றுங்கள். யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பது போல இறுகும். மூன்று வயரையும் மாற்றி மாற்றி மூன்று சோடியாகப் பார்க்க வேண்டும். மூன்றிலும் ஒரே அளவு இறுக்கம் என்றால் உள்ளே இருக்கும் செப்புக் கொயில் நல்லாயிருக்கு. ஒரு சோடியில் இறுக்கம் இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கு. வயர்கள் முட்டாமலே இறுகினால்தான் உள்ளே கொயில் எரிந்து ஒட்டியிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

கொயிலுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் மைக்கேல் பரடே காட்டினார். அப்படிப் பிறக்கிற மின்சாரம், தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்க்கும் என்று 1834இல் ஹென்ரிக் லென்ஸ் எழுதினார். ரஷ்யப் பேரரசில், சென் பீட்டர்ஸ்பேர்க்கில் வேலை செய்தவர். உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்கள் லென்சின் விதியைப் பாடமாக்கியிருப்பீர்கள். பரீட்சைக்குக் கை விரலை வைத்துத் திசை பார்த்ததோடு நம்மில் பலருக்கு அது முடிந்துவிட்டது. அன்றைக்கு அது நண்பனின் மணிக்கட்டில் இருந்தது. மூன்று சோடியும் ஒரே மாதிரி இறுகியது. "அப்ப எரியல்லையா?" என்றான். எரியல்ல.

ஏன் மூன்று வயர்? பழைய மோட்டார்களுக்கு இரண்டுதான். சுற்றுகிற கொயிலுக்கு மின்சாரம் கொடுக்க பிரஷ் என்கிற காபன் துண்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். தீப்பொறி பறக்கும், தேயும், மாற்ற வேண்டும். மூன்று வயரில் ஒன்றன்பின் ஒன்றாக மின்சாரத்தை அனுப்பி, காந்தப் புலத்தையே சுழல வைக்கும் முறையை ஜேர்மனியில் வேலை செய்த ரஷ்ய இஞ்சினியர் டொலிவோ-டொப்ரோவொல்ஸ்கி 1889 அளவில் செய்து காட்டினார். 1891இல் லாவ்ஃபன் என்ற ஊரில் ஆற்று நீரில் எடுத்த மின்சாரத்தை 175 கிலோமீற்றர் தள்ளி பிராங்பேர்ட் கண்காட்சிக்கு அதே மூன்று கட்ட முறையில் கொண்டுவந்து விளக்கெரித்தார்கள்.

பிரஷ் இல்லாத மோட்டாரைப் பெட்டரியில் ஓட்டத்தான் இன்னும் காலம் பிடித்தது. பெட்டரி ஒரே திசையில்தான் கொடுக்கும். எந்த வயருக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்று யாராவது மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். அந்த வேலையை ட்ரான்சிஸ்டர் செய்யலாம் என்று 1962இல் வில்சன், ட்ரிக்கி என்ற இரண்டு அமெரிக்கர்கள் கட்டுரை எழுதினார்கள். பிறகு 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜோன் குரோட்டும் தனித்தனியாக நியோடிமியம் காந்தத்தைக் கண்டுபிடித்தார்கள். உள்ளங்கை அளவு மோட்டார் ஒரு ஆளைச் சுமப்பது அதனால்தான். ஒரு குறை, அது லேசில் துருப்பிடிக்கும். அதனால்தான் மேலே நிக்கல் பூசுகிறார்கள். கடற்கரையில் இருக்கிற நாங்கள் இதை மறக்கக் கூடாது.

இப்போது இரண்டாவது சோதனை. ட்ரான்சிஸ்டர் சரியான நேரத்தில் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றால், காந்தம் இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் கொயிலில் பிறக்கிற மின்சாரத்தை வைத்தே கொன்ட்ரோலர் கண்டுபிடித்துவிடும். நிற்கிற மோட்டாரில் எதுவும் பிறக்காது. அதற்காக உள்ளே மூன்று சின்னச் சென்சர்கள் இருக்கு. ஹோல் சென்சர் என்று சொல்வார்கள். "தள்ளினா ஓடுது, நிண்டா எடுக்குதில்ல" என்ற ஒரு வரியிலேயே பழுது தன் பேரைச் சொல்லிவிட்டது.

எட்வின் ஹோல் 1879இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக மாணவர். வயது 23. மின்காந்தவியலின் பெரும்புள்ளி மக்ஸ்வெல் தன் நூலில், காந்தம் தள்ளுவது வயரைத்தான், அதற்குள் ஓடும் மின்சாரத்தை அல்ல என்று எழுதியிருந்தார். ஹோலுக்கு அது மனசில் ஏறவில்லை. ஆசிரியர் ரோலண்டிடம் போய்க் கேட்டார். அவருக்கும் அதே சந்தேகம் இருந்தது. மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரத்தை ஓட விட்டு, காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனபோது தகட்டின் குறுக்கே சின்னதாக ஒரு வோல்ட்டளவு தோன்றியது. புத்தகம் பிழை, மாணவன் சரி.

அந்த வோல்ட்டளவு அவ்வளவு சின்னது என்பதால் வருசக்கணக்காக அது ஆய்வுகூடத்துக்குள்ளேயே கிடந்தது. குறைகடத்திகள் வந்த பிறகுதான் வெளியே வந்தது. இன்றைக்கு உங்கள் பலகையின் மோட்டாருக்குள்ளும் மின்சார பைக்கின் சக்கரத்துக்குள்ளும் ஹோலின் சந்தேகம்தான் உட்கார்ந்திருக்கு.

மோட்டாரிலிருந்து வரும் மெல்லிய வயர்களில் ஒன்று 5 வோல்ட், ஒன்று கிரவுண்ட், மூன்று சிக்னல். கொன்ட்ரோலரைத் திரும்பக் கொழுவி, மல்ட்டிமீற்றரை வைத்துக்கொண்டு சக்கரத்தை ஆற அமரச் சுற்றினோம். ஒவ்வொரு சிக்னலும் 0, 5, 0, 5 என்று மாறிக்கொண்டிருக்க வேண்டும். முதலாவது மாறியது. இரண்டாவது மாறியது. மூன்றாவது எவ்வளவு சுற்றினாலும் 5 வோல்ட்டிலேயே நின்றது.

அப்ப சென்சர் செத்திட்டா? அவசரப்படக் கூடாது. வயர் அறுந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும். ஏனென்றால் ஒன்றும் வராத சிக்னலைக் கொன்ட்ரோலர் தானே மேலே தூக்கி வைக்கும். மோட்டாரிலிருந்து வயர் வெளியே வருகிற இடத்தைக் கையால் வளைத்து வளைத்துப் பார்த்தோம். ஒரு வளைவில் மீற்றர் 0 காட்டிப் போனது. பிளாஸ்டிக் உறையை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சை பூத்து அறுந்து கிடந்தது. உப்புக் காத்து ஒரு பக்கம், குழி ரோட்டின் குலுக்கல் மறு பக்கம். பழுதான துண்டை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு அங்குல வயர் வைத்துச் சோல்டர் பிடித்து, மேலே சிலிக்கன் பூசினோம். செலவு ஒரு பிளேன்டீக் காசுகூட இல்லை.

இதில் இன்னொரு வரலாறும் இருக்கு. அலை இல்லாத நாட்களில் என்ன செய்வது என்று யோசித்த கலிபோர்னியா அலைச்சறுக்குக்காரர்கள் 1950களில் பலகைக்குச் சக்கரம் பூட்டினார்கள். லூயி ஃபிங்கல் என்பவர் வயரில்லா ரிமோட்டோடு கூடிய மின்சாரப் பலகைக்கு 1999இல் காப்புரிமை பெற்றார். 2012இல் பூஸ்டட் என்ற கம்பனி இணையத்தில் பணம் திரட்டித் தொடங்கி, உலகம் முழுக்கப் பேரெடுத்தது. 2020இல் அது படுத்துவிட்டது. நல்ல பலகை வைத்திருந்தவர்கள் உதிரிப்பாகத்துக்காக அலைந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பது கம்பனிக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் சுவீடனில் பெஞ்சமின் வெடர் என்பவர் தன் பலகைக்காக ஒரு கொன்ட்ரோலர் செய்தார். அதன் வரைபடத்தையும் மென்பொருளையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவிட்டார். அதைப் பார்த்துச் செய்தவைதான் இன்றைக்குப் பல நாட்டுக் கராஜ்களில் ஓடுகின்றன. நண்பனின் பலகையில் இருப்பதும் அந்த வகைதான். எந்த வயர் எதற்கு என்று எங்களால் தேடிப் படிக்க முடிந்ததே, அது ஒருத்தர் மூடி வைக்காமல் விட்டதால்.

புதுசு வாங்கு என்று சொல்வது லேசு. காசு இருக்கிற ஊரில் அது ஆலோசனை. எங்கட ஊரில் அது பலகையை மூலையில் போடு என்பதற்கு இன்னொரு பேர். லென்சும் ஹோலும் நமக்குப் பரீட்சைத்தாளில் மட்டும் இருக்கும்வரை, எரியாத மோட்டாரை எரிந்தது என்று யார் சொன்னாலும் நம்பித்தான் ஆக வேண்டும்.

அன்றைக்கு மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி நண்பன் பலகையைக் கீழே வைத்து ஏறினான். காலால் தள்ளவில்லை. ரிமோட்டை மட்டும் அழுத்தினான். நடுங்காமல், சத்தமில்லாமல் எடுத்தது. பாலம்வரை போய்த் திரும்பி வந்து, "அந்தக் கடைக்காரர்ட்டயும் இதக் காட்டணும் மச்சான்" என்றான். கோபத்தில் சொல்லவில்லை. அவரும் தெரிஞ்சுகொள்ளட்டும் என்றுதான்.