சிங்கப்பூரில் மருத்துவமனை மகப்பேறு: கண்டாங் கெர்பாவ் வரலாற்றை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

மகப்பேற்றிற்காக மருத்துவமனைக்குச் செல்லும் பெண் அங்கு எத்தனை நாள் தங்குவாள், யார் அவளைக் கவனிப்பர், எப்போது வீடு திரும்புவாள் என்பன மருத்துவம் மட்டுமே விடையளிக்கும் வினாக்கள் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். ஆனால், படுக்கைகளின் எண்ணிக்கையும் அரசின் மக்கள்தொகைக் கொள்கையும் குடும்ப வழக்கங்களும் இவ்விடைகளைத் தீர்மானித்துள்ளன என்பதை வரலாறு காட்டுகிறது. சிங்கப்பூரின் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழுவத்தின் பெயர் தாங்கிய மருத்துவமனை

‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்த் தொடர் எருமைத் தொழுவம் எனப் பொருள்படும். சிராங்கூன் சாலை வட்டாரத்தில் ஒரு காலத்தில் இந்தியர்கள் பெரிதும் ஈடுபட்டிருந்த கால்நடைத் தொழிலின் நினைவு இப்பெயரில் தங்கியுள்ளது. தேக்கா என்று நம்மவர் வழங்கும் பகுதிக்கு அருகிலேயே இம்மருத்துவமனை அமைந்ததால், தமிழர் வாழ்வோடு அதற்குத் தொடக்கம் முதலே நெருக்கம் இருந்தது.

சிங்கப்பூரில் மகப்பேற்றுக்கெனத் தனி மருத்துவமனை 1888இல் விக்டோரியா வீதியில் தோன்றியது. எனினும், பெரும்பாலான பெண்கள் வீட்டிலேயே மருத்துவச்சியின் துணையுடன் பிள்ளை பெற்றனர். 1924ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் கண்டாங் கெர்பாவ் இலவச மகப்பேற்று மருத்துவமனையாக மாறியபோது, தாய்மார்களுக்கு 30 படுக்கைகளும் குழந்தைகளுக்கு 12 படுக்கைகளுமே இருந்தன. பேராசிரியர் ஜே. எஸ். இங்கிலிஷ் அதன் பொறுப்பினை ஏற்றார். மருத்துவ மாணவர்க்கும் மருத்துவச்சியர்க்கும் பயிற்சியளிக்கும் களமாகவும் அது விளங்கியது.

தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வது தமிழர் மரபு. கடல் கடந்து வந்த பெண்ணுக்கோ தாய்வீடு தொலைவில் இருந்தது. உறவுப் பெண்களின் துணை குறைந்திருந்த அக்காலச் சூழலில், மருத்துவமனைப் படுக்கை சிலருக்கேனும் தாய்வீட்டிற்கு மாற்றாக அமைந்திருக்கும் எனக் கருத இடமுண்டு.

போர்க்காலமும் மருத்துவ முன்னேற்றமும்

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1942-1945) இம்மருத்துவமனை பொது மருத்துவமனையாகப் பயன்பட்டது. போர் முடிந்ததும் 1945இல் மீண்டும் மகப்பேற்றுப் பணிக்குத் திரும்பியது. இக்காலக்கட்டத்தில் குறிப்பிடத்தக்கவர் மருத்துவர் பெஞ்சமின் ஷியர்ஸ் ஆவார். பின்னாளில், 1971 முதல் 1981 வரை, சிங்கப்பூரின் அதிபராகப் பதவி வகித்தவரும் இவரே. கருப்பையின் மேற்பகுதியைக் கீறும் பழைய முறைக்கு மாறாக, அதன் கீழ்ப்பகுதியைக் கீறிக் குழந்தையை எடுக்கும் அறுவை முறையை இவர் இங்கு நிலைபெறச் செய்தார். அறுவைக்குப் பிந்தைய தொற்றும், அடுத்த பேற்றில் தையலிட்ட இடம் கிழியும் அபாயமும் இம்முறையால் குறைந்தன. அறுவைச் சிகிச்சை என்றாலே உயிருக்கு அஞ்சிய நிலை மாறுவதற்கு இத்தகைய முன்னேற்றங்கள் வழிவகுத்தன.

ஒரு நாள் தங்கல்

போருக்குப் பின்னர்ப் பிறப்பு விகிதம் உயர்ந்தது. மருத்துவமனையை நாடும் பெண்களின் தொகையும் பெருகியது. 1955இல் புதிய கட்டடங்கள் திறக்கப்பட்டும் இடநெருக்கடி தீரவில்லை. 1966ஆம் ஆண்டில் மட்டும் இங்கு 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்குச் சராசரியாக 109 குழந்தைகள் என்பது இதன் பொருள். ஒரே மகப்பேற்று மருத்துவமனையில் ஓராண்டில் நிகழ்ந்த மிகுதியான பிறப்புகள் என்ற வகையில் இது கின்னஸ் நூலில் இடம்பெற்றது. பத்தாண்டுக் காலம் அச்சாதனை இம்மருத்துவமனையிடமே இருந்தது.

இச்சாதனையைத் தாயின் நிலையிலிருந்து நோக்குதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலைநாட்டு மருத்துவமனைகள் பிள்ளை பெற்றவளைப் பத்து நாள் வரை படுக்கையில் வைத்திருந்தன. கண்டாங் கெர்பாவிலோ இயல்பான பேறு கண்ட தாய் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் வீட்டிற்கு அனுப்பப்பட்டாள். அடுத்தவளுக்குப் படுக்கை தேவைப்பட்டதே காரணம். இக்குறையை ஈடுசெய்ய மருத்துவச்சியர் வீடு தேடிச் சென்று தாயையும் சேயையும் கவனித்தனர்.

இங்கு ஒரு முக்கிய விளைவினை நாம் சுட்ட விரும்புகிறோம். மருத்துவமனை பிள்ளைப்பேற்றை எடுத்துக்கொண்டதேயன்றிப் பேறுகாலத்தை எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே வீடு திரும்பிய தமிழ்த்தாய்க்குப் பூண்டும் மிளகும் பெருங்காயமும் சேர்ந்த பத்திய உணவும், வெந்நீர்க் குளியலும், தீட்டுக் கழிக்கும் சடங்கும் வீட்டிலேயே காத்திருந்தன. பத்து நாள் தங்க நேர்ந்திருப்பின் இவ்வழக்கங்கள் பல தேய்ந்திருக்கலாம். படுக்கைப் பற்றாக்குறை, யாரும் திட்டமிடாமலே, மரபு நிலைக்கத் துணைபுரிந்தது என்பதே நம் கருத்தாகும்.

கட்டணத்தில் புகுந்த கொள்கை

சாதனை எண்ணிக்கை பதிவான அதே 1966இல்தான் சிங்கப்பூர்க் குடும்பக் கட்டுப்பாட்டு, மக்கள்தொகை வாரியம் அமைக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் ‘இரண்டே போதும்’ என்னும் முழக்கம் நாடெங்கும் ஒலித்தது. 1973இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடுகளின்படி, குழந்தையின் வரிசை உயர உயர மகப்பேற்றுக் கட்டணமும் உயர்ந்தது. ஊதியத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பு முதல் இரு குழந்தைகளுக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது. பேற்றுக்குப்பின் கருத்தடை அறுவை செய்துகொள்வோருக்குக் கட்டணச் சலுகையும் இருந்தது.

ஆகவே, மூன்றாம் அல்லது நான்காம் பிள்ளைக்காகச் சென்ற பெண் வலியோடு கட்டணக் கவலையையும் சுமந்து சென்றாள். தங்கியிருந்த அந்தக் குறுகிய நேரத்திலேயே கருத்தடை பற்றி முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியும் சிலருக்கு நேர்ந்தது. அம்முடிவு முழுமனத்தோடு எடுக்கப்பட்டதா, கட்டணத்துக்கு அஞ்சி எடுக்கப்பட்டதா என்பதை மருத்துவமனைப் பதிவேடு சொல்லாது. 1987இல் கொள்கை திசைமாறி, வசதியுள்ளோர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெறலாம் என அரசு ஊக்குவித்தபோது, முன்னர் அறுவை செய்துகொண்ட பெண்கள் என்ன எண்ணினர் என்பதும் நம் வரலாற்று நூல்களில் இடம்பெறவில்லை.

முடிவுரை

1997இல் மருத்துவமனை புக்கிட் தீமா சாலையிலுள்ள புதிய வளாகத்திற்கு இடம்பெயர்ந்தது. இன்று மகளிர், குழந்தைகள் மருத்துவமனையாக இயங்குகிறது. இயல்பான பேற்றுக்குப் பிறகு ஓரிரு இரவுகள் தங்குவதே இன்றும் பொதுவான வழக்கம். எண்ணளவில் 1966க்கும் இன்றைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அன்று பற்றாக்குறை தாயை விரைவில் வீட்டிற்கு அனுப்பியது. இன்று விரைவில் எழுந்து நடமாடுவதே நலம் என்னும் மருத்துவத் தெளிவு அனுப்புகிறது. ஒரே நாள் கணக்கு இரு காலங்களில் இரு பொருள் தருவதை ஆய்வாளர் நினைவிற்கொள்ள வேண்டும்.

நிறுவனத்தின் வரலாறு எண்களாக நமக்குக் கிடைத்துள்ளது. அவ்வெண்களுக்குள் அடங்கிய பெண்களின் வரலாறு இன்னும் முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. 1960களில் அங்கு பிள்ளை பெற்ற தாய்மார்கள் இன்று எண்பது வயதை எட்டியும் கடந்தும் உள்ளனர். அங்கு யார் தம்மோடு தமிழில் பேசினார், வீடு திரும்பியதும் யார் பத்தியம் சமைத்தார், கட்டணச் சீட்டைக் கண்டபோது என்ன நினைத்தனர் ஆகியவற்றை அவர்களே சொல்ல முடியும். தமிழாசிரியர்கள் தம் மாணவரைப் பாட்டியரிடம் அனுப்பி இவ்வினாக்களைக் கேட்டுப் பதிவு செய்யச் செய்யலாம். மொழிப் பயிற்சியாகவும் வரலாற்றுப் பணியாகவும் அமையும் இம்முயற்சிக்குக் காலம் குறைவாகவே உள்ளது.