கால்பந்து நடுவரும் கேலரியின் கூச்சலும்

கேலரியின் கூச்சல் நடுவரின் முடிவைச் சொந்த ஊர் அணியின் பக்கம் சாய்ப்பதையே கால்பந்தில் பார்வையாளர் அழுத்தம் என்கிறார்கள். நடுவர் கூட்டத்துக்குப் பயந்து ஊதுகிறார் என்று இதற்குப் பொருள் கொள்வது பாதிதான் சரி.

2012 டிசம்பர் 9 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஐ-லீக்கில் மோதின. முதல் பாதி முடியும் தறுவாயில் மோகன் பகானின் ஒடாஃபா ஒகோலி நடுவரிடம் மல்லுக்கு நின்று சிவப்பு அட்டை வாங்கினார். கேலரி கொதித்தது. பறந்து வந்த கல் அவருடைய அணியின் ரஹீம் நபியையே காயப்படுத்தியது. இரண்டாம் பாதிக்கு மோகன் பகான் இறங்கவில்லை. அதற்காக விதிக்கப்பட்ட இரண்டாண்டுத் தடை, பின்னர் 2 கோடி ரூபாய் அபராதமாகவும் புள்ளிப் பறிப்பாகவும் மாறியது. இவ்வளவு அமளியிலும் சிவப்பு அட்டை மாறவில்லை. ஊதிய பிறகு எழும் கூச்சலால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. விசிலை வாய்க்குக் கொண்டுபோகும் அந்த அரை நொடியில் காதில் விழுவதுதான் வேலை செய்கிறது.

இங்கிலாந்தில் நெவில், பால்மர், வில்லியம்ஸ் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட சோதனை இதைக் காட்டியது. லிவர்பூல் – லெஸ்டர் ஆட்டத்தின் 47 மோதல்களை 40 நடுவர்கள் வீடியோவில் பார்த்தனர். ஒலியோடு பார்த்தவர்கள், ஒலியின்றிப் பார்த்தவர்களைவிட 15.5 சதவீதம் குறைவாகவே சொந்த ஊர் அணியான லிவர்பூலுக்கு எதிராக ஃபவுல் கொடுத்தனர். அவர்களை மிரட்ட அந்த அறையில் யாரும் இல்லை! ஐயமான நேரத்தில் கூட்டத்தின் குரலை மூளை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்கிறது.

ஸ்பெயினில் இஞ்சுரி டைமும் இப்படித்தான்: சொந்த அணி ஒரு கோல் பின்தங்கினால் நீண்டது, முந்தினால் சுருங்கியது.

தூரமும் கணக்கில் வரும். ஜெர்மன் பண்டஸ்லீகாவை ஆராய்ந்த தாமஸ் டோமன், ஓடுபாதை சுற்றியுள்ள மைதானங்களில் இந்தச் சாய்வு குறைவு என்றார். சென்னை நேரு விளையாட்டரங்கிலும் ஆடுகளத்துக்கும் கேலரிக்கும் நடுவே ஓடுபாதை உண்டு. கிராமத்துத் திடல்களில் அந்த இடைவெளி ஏது? சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி நிற்கும் கூட்டம், லைன்ஸ்மேனின் காதுக்குள்ளேயே ஆஃப்சைடு கேட்கும்.

கொரோனா காலம் கேலரிகளைக் காலி செய்தது. 2020-21 ஐ.எஸ்.எல். முழுவதும் பார்வையாளரின்றிக் கோவாவில் நடந்தது. ஆனால் பெரும்பாலான அணிகளுக்கு அது சொந்த ஊரே அல்ல என்பதால், ரசிகர் இல்லாததன் விளைவை மட்டும் அதில் தனியே பிரிக்க முடியாது. ஐரோப்பாவில் அணிகள் தத்தம் மைதானத்திலேயே ஆடின. அங்கே வெளியூர் அணிகள் வாங்கிய மஞ்சள் அட்டைகள் குறைந்தன.