பேட் டேஸ்ட் (1987 திரைப்படம்)

பேட் டேஸ்ட், நியூசிலாந்து இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் முதல் முழுநீளத் திரைப்படம். 1983இல் குறும்படமாகத் தொடங்கிய வேலை, பெரும்பாலும் வார இறுதிகளில் மட்டுமே நடந்து, ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் ஒன்றரை மணி நேரப் படமாக வளர்ந்தது. திகில், அறிவியல் புனைவு, கோமாளித்தனம் மூன்றும் கலந்த இப்படத்தில் ரத்தமும் குடலும் மூளையும் தாராளமாகச் சிந்துகின்றன. ஆனால் பயப்படுவதற்கு அநேகமாக ஒன்றுமில்லை. திகில் படம் என்ற வகைக்குள் இதை வைப்பது ஒரு வசதிக்காகத்தான்.

கதை ஒரு வரிக் கதை. கைஹோரோ என்ற கற்பனைச் சிற்றூரின் மக்கள் காணாமல் போகிறார்கள். வேற்றுக்கிரகத்துத் துரித உணவு நிறுவனம் ஒன்று, மனித இறைச்சியைப் புதுச் சரக்காக விற்க, அவர்களைக் கொன்று பெட்டிகளில் அடைத்து வைத்திருக்கிறது. அதன் தலைவன் லார்ட் கிரம்ப். அவனை எதிர்க்க அரசு அனுப்பும் நால்வர் வீரர்களும் அல்லர், திறமைசாலிகளும் அல்லர். நிதி திரட்ட வந்து அகப்பட்டுக்கொள்ளும் ஜைல்ஸ் என்பவன், அடுத்த நாள் விருந்துக்காக மசாலாச் சாற்றில் ஊறவைக்கப்படுகிறான். நால்வர் சார்ந்த அமைப்பின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் எய்ட்ஸ் என்று வரும். அந்நோய் உலகை அச்சுறுத்தத் தொடங்கியிருந்த காலத்தில் வைத்த இந்த நகைச்சுவை, இன்று பல்லிடுக்கில் சிக்கிய கல்லாக உறுத்துகிறது.

ஜாக்சன் அப்போது வெலிங்டனின் ஈவ்னிங் போஸ்ட் நாளிதழில் படங்களை அச்சுத் தகடாக்கும் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, புக்கெருவா பே கடற்கரை ஊரில் பெற்றோருடன் வாழ்ந்துவந்தார். வயது இருபதுகளின் தொடக்கம். சம்பளப் பணத்தில் படச்சுருள் வாங்கினார், நண்பர்களையே நடிக்கவைத்தார். கையிலிருந்தது 16 மி.மீ. போலெக்ஸ் கேமரா. சாவி கொடுத்து இயக்கும் அந்த வகைக் கேமராவில் ஒரு ஷாட் அரை நிமிடத்தைத் தாண்டாது, ஒலியும் உடன் பதிவாகாது. படம் முழுவதற்கும் வசனம், காலடி, துப்பாக்கிச் சத்தம் என எல்லாமே பின்னால் சேர்க்கப்பட்டவை. திறந்த வெளியில் பேசும் ஆள்கள் அடைத்த அறைக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்பது அதனால்தான். படத்தின் வெளிப்படையான குறைகளில் இது முதன்மையானது.

ஆனால் அதே கேமராதான் படத்துக்கு வேகத்தையும் கொடுத்தது. நீண்ட ஷாட்டுக்கு வழியில்லாததால் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினார்கள். ஒலி பதிவாகாததால் கேமராவை எங்கு வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு ஓட முடிந்தது. ஓட்டத்தில் படம் ஆடாமலிருக்கக் கேமராவைத் தாங்கும் கருவியையும் ஜாக்சன் வீட்டிலேயே செய்துகொண்டார். வேற்றுக்கிரகவாசிகளின் முகமூடிகள் அவருடைய அம்மாவின் சமையலறை அடுப்பில் வெந்தவை. துப்பாக்கிகளில் பல மரத்தாலும் உலோகக் குழாய்களாலும் ஆனவை. படத்தின் பெரும்பகுதியில் வேற்றுக்கிரகவாசிகள் நீலச் சட்டையும் ஜீன்ஸும் போட்ட சாதாரண ஆள்களாகவே திரிகிறார்கள். கதைப்படி அது மாறுவேடம். தயாரிப்புப்படி பார்த்தால் முகமூடிச் செலவு மிச்சம். இப்படிக் கஞ்சத்தனத்தையே கதையாக்கும் சாமர்த்தியம் படம் நெடுகிலும் உண்டு.

மலை விளிம்பில் நடக்கும் சண்டையே இதற்குச் சிறந்த சான்று. நால்வரில் ஒருவனான டெரெக், ராபர்ட் என்ற வேற்றுக்கிரகவாசியைக் கட்டிப்போட்டு வதைக்கிறான். இரண்டு பாத்திரங்களிலும் நடித்தவர் ஜாக்சனே. ஒருவனுக்குத் தாடி உண்டு, மற்றவனுக்கு இல்லை. இரண்டு பக்கத்தையும் வெவ்வேறு காலத்தில் எடுத்து, படத்தொகுப்பில் எதிரெதிரே நிறுத்தியிருக்கிறார்கள். இருவரும் ஒருவரே என்று தெரிந்து பார்த்தாலும் கண் ஏமாறுகிறது. பாறையிலிருந்து விழுந்து மண்டை பிளந்த டெரெக், வழியும் மூளையை உள்ளே தள்ளி, பிளவு திறக்காதபடி இடுப்புவாரால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, படம் முடியும்வரை சங்கிலி ரம்பத்தோடு அலைகிறான். நடிப்பு என்று பெயர் சொல்லத்தக்க ஒன்று இப்படத்தில் இருந்தால், அது அசட்டுச் சிரிப்பும் வெறியும் கலந்த இந்த டெரெக்தான். மற்றவர்கள் நண்பருக்கு உதவ வந்தவர்களாகவே தெரிகிறார்கள்.

நான்கு ஆண்டு இழுவையின் தழும்புகள் நிறைய. தலைமுடி ஒரு ஷாட்டில் நீண்டும் அடுத்ததில் குறுகியும் இருக்கிறது, வெளிச்சம் மாறுகிறது. ஊருக்கும் வேற்றுக்கிரகவாசிகள் தங்கியிருக்கும் மாளிகைக்கும் எவ்வளவு தூரம் என்று கடைசிவரை பிடிபடுவதில்லை. முதல் பாதியில் ஜைல்ஸைத் துரத்தும் பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது. இறுதித் துப்பாக்கிச் சண்டையும் அப்படியே. சுட்டுச் சாய்த்த பிறகும் ஆள்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பெண் பாத்திரம் என்று சொல்ல ஒருவருமில்லை. கதையை முன்கூட்டி முழுதாக எழுதாமல், ஒவ்வொரு ஞாயிறும் புதிதாகத் தோன்றியதைச் சேர்த்துக்கொண்டே போனதன் விளைவே இந்த நீட்டல். அந்த வழக்கம் இல்லையென்றால் ராக்கெட் குண்டு பட்டுச் செம்மறியாடு சிதறும் காட்சியோ, மாளிகையே விண்கலமாகிக் கிளம்பும் முடிவோ வந்திருக்காது. பறக்கும் மாளிகை ஒரு மாதிரி உருவம் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. இருந்தும் கைதட்டத் தோன்றுகிறது.

சொந்தப் பணம் கரைந்த நிலையில் நியூசிலாந்து திரைப்பட ஆணையத்தின் தலைமை அதிகாரி ஜிம் பூத் கைகொடுத்தார். ஆணையத்தின் நிதியால் ஜாக்சன் வேலையை விட்டு முழுநேரமாகப் படத்தை முடித்தார். மிஷெல் ஸ்கல்லியன் இசையமைத்தார். கான் விழாவின் திரைப்படச் சந்தையில் படம் பல நாடுகளுக்கு விற்பனையானது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் அதைத் தடைசெய்தது. விளம்பரத்துக்கு அதுவும் உதவியது.

இந்தப் படத்தின் கைவேலை மனநிலை மீட் தி ஃபீபிள்ஸ் (1989), பிரெயின்டெட் (1992) ஆகியவற்றில் தொடர்ந்தது. ரத்த நகைச்சுவையில் பிரெயின்டெட் எல்லா வகையிலும் தேர்ந்த படம். பேட் டேஸ்டில் தற்செயலாகக் கிட்டியவை அதில் திட்டமிட்டு வருகின்றன. ஜிம் பூத் ஆணையத்தை விட்டு விலகி ஜாக்சனின் தயாரிப்பாளரானார். பேட் டேஸ்டின் படத்தொகுப்பில் பங்கேற்ற ஜேமி செல்கிர்க், பின்னர் ஜாக்சனின் தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் வரிசையின் மூன்றாம் படத்துக்காக 2004இல் ஆஸ்கர் விருது பெற்றார்.