கையைக் கடிக்காத சுவிட்சர்லாந்து

எல்.டி.சி.யாக வேலைக்குச் சேர்ந்து, பல ஆண்டுகள் அடுத்தவர்களின் பயணப்படி பில்களைச் சரிபார்த்தவன் நான். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. எங்கே போனாலும் ஒரு சிறு நோட்டில் செலவுக் கணக்கு எழுதுவேன்.

2018இல் பிரான்சில் லியோன் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கிருந்து ஜெனீவா ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம்தான். "ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தா?" என்று துணைவியார் கேட்டதில் நியாயம் இருந்தது. பனிமலை உச்சிக்கு ஏறும் ரயில்களின் கட்டணத்தைப் பார்த்ததும் நானே பயந்துவிட்டேன். கடைசியில், மலையை ஜன்னல் வழியாகப் பார்ப்பது, பழைய நகரங்களைக் காலால் நடந்து பார்ப்பது என்று சமாதானம் ஆனோம். ஜெனீவா, லோசான், பெர்ன். நான்கு நாட்கள்.

ஜெனீவாவில் எனக்கு ஒரு பழைய கடன் இருந்தது. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும் நான் பிரெஞ்சு வழியிலேயே படித்தேன். ரூசோவைப் பிரெஞ்சுக்காரர் என்றே நினைத்து வளர்ந்தேன். அவரோ தன் நூல்களில் 'ஜெனீவாவின் குடிமகன்' என்று போட்டுக்கொண்டவர். 1712இல் அவர் பிறந்த வீடு பழைய நகரில் கிராண்ட் ரூ தெருவில், 40ஆம் எண். 1762இல் அதே நகரத்து ஆட்சிக்குழு அவருடைய 'சமுதாய ஒப்பந்தம்', 'எமில்' இரண்டையும் கண்டித்து எரித்தது. மறு ஆண்டு அவர் குடியுரிமையையே துறந்தார். பிறகு 1835இல் ரோன் நதியின் நடுவில் ஒரு சிறு தீவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அந்தச் சிலையடியில் உட்கார்ந்து ரொட்டியும் தயிரும் சாப்பிட்டோம்.

அந்த ரொட்டிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. மிக்ரோ என்ற கடையில் வாங்கியது. 1925இல் கோட்லீப் துட்வைலர் என்பவர் ஐந்து லாரிகளில் காபி, அரிசி, சர்க்கரை, சேமியா வகை, தேங்காய்க் கொழுப்பு, சோப்பு என்று ஆறே சாமான்களை ஏற்றி, சூரிச் தெருக்களில் மலிவு விலைக்கு விற்கத் தொடங்கினார். பின்னாளில் அந்த நிறுவனத்தையே கூட்டுறவுச் சங்கங்களாக மாற்றினார். ஓட்டலில் சாப்பிட்டிருந்தால் இரண்டாம் நாளே லியோனுக்குத் திரும்பியிருப்போம்.

லோசான் மேடும் பள்ளமுமான ஊர். பேராலயத்துக்கு மரக்கூரை போட்ட நீண்ட படிக்கட்டு வழியாக ஏறலாம். துணைவியாரின் முழங்கால் அதற்கு இடம் கொடுக்காததால் மெட்ரோவில் ஏறி, மிச்ச தூரத்தை மெதுவாக நடந்தோம். 1275இல் திருநிலைப்படுத்தப்பட்ட கோயில் அது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஆனால் நாங்கள் போனது இரவு பத்து மணிக்கு. தீ விபத்துகளுக்குப் பயந்து 1405 முதல் அந்தக் கோபுரத்தில் இரவுக் காவலர் இருக்கிறார். இரவு பத்து முதல் இரண்டு வரை, மணிக்கொரு முறை நான்கு திசையிலும் குரல் கொடுப்பார். மணி அடித்து ஓய்ந்ததும் மேலிருந்து கேட்டது: "செ லெ கே! இல் ஆ சொன்னே தீஸ்!" காவல்காரன் பேசுகிறேன், பத்து அடித்துவிட்டது என்று பொருள். அலுவலகத்தில் ஒருநாளும் பயன்படாத என் பள்ளிக்கூடப் பிரெஞ்சு அந்த இருட்டில் பயன்பட்டது. துணைவியாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "நம்ம கூர்க்கா மாதிரி" என்றார்.

பெர்னுக்கும் 1405 மறக்க முடியாத ஆண்டு. அந்த மே மாதம் பெருந்தீயில் அறுநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. 1191இல் பிறந்த அந்த ஊரை, பெரும்பாலும் மரவீடுகளாக இருந்ததை, மணற்கல்லில் திரும்பக் கட்டினார்கள். இன்று நாம் பார்க்கும் பழைய நகரம் அந்த அஸ்திவாரத்தில் எழுந்ததுதான். தெரு ஓரமெல்லாம் தூண் வைத்த தாழ்வாரங்கள், மொத்தம் சுமார் ஆறு கிலோமீட்டர். தூணும் மாடியும் வீட்டுக்காரருடையவை, கீழே நடக்கும் வழி ஊருக்குப் பொது. அன்று மழை. குடை பிரிக்காமலே ஊர் பார்த்தோம். நூற்றுக்கும் மேற்பட்ட குழாய்த் தொட்டிகளில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. சிலவற்றின் மேல் 16ஆம் நூற்றாண்டுச் சிலைகள். பாட்டிலில் பிடித்துக் குடித்தபோது, ஊருக்குத் தண்ணீர் வந்த கதைக்கு நினைவுச் சின்னமாக நிற்கும் எங்கள் ஆயி மண்டபம் ஞாபகம் வந்தது.

மன்னர் இல்லாத ஊர்கள் என்பதால் எல்லோரும் சமமாக வாழ்ந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பெர்னை ஆண்டவை சில பெருங்குடும்பங்களே. 1536இல் லோசானைப் பிடித்து, பேராலயத்தின் பொக்கிஷங்களை அள்ளிக்கொண்டு போனதும் அவர்கள்தான். ஆனாலும் தீக்காவல், தண்ணீர், நடைவழி மூன்றையும் ஊர்ப் பொதுவாக வைத்தார்கள். அன்று பொதுவாக வைத்ததுதான் இன்று வெளியூர்க்காரனுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே மலிவாகச் சுற்ற முடிவதற்குக் காரணம் என் சாமர்த்தியம் அல்ல, அந்தப் பழைய ஏற்பாடுதான்.

சீட்டு வாங்கி நுழைந்தது ஒரே இடத்தில். கிராம்காஸே தெருவில் 49ஆம் எண், ஐன்ஸ்டைன் 1903 முதல் 1905 வரை குடியிருந்த வீடு. 1902இல் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் வகுப்பு தொழில்நுட்ப நிபுணராக, ஆண்டுக்கு 3,500 பிராங்க் சம்பளத்தில் சேர்ந்தார். 1904இல்தான் பணி நிரந்தரமானது. இரண்டாம் வகுப்புக்குப் பதவி உயர்வு 1906இல். ஆக, 1905இல் இயற்பியலையே புரட்டிப்போட்ட கட்டுரைகளை எழுதியபோது அவர் மூன்றாம் வகுப்பிலேயே இருந்தார்! பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வருமா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்த எனக்கு அந்தக் குறுகிய படிக்கட்டில் ஏறும்போது மனசு என்னவோ செய்தது.

துணைவியார் கீழே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். "மேலே என்ன இருந்தது?" என்றார். "ஒரு ஆபீஸ்காரரின் வாடகை வீடு" என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: இந்த மூன்று ஊர்களிலும் விடுதியில் தங்குவோருக்கு நகரப் போக்குவரத்துக்கான இலவச அட்டை தருகிறார்கள். மறக்காமல் கேட்டு வாங்குங்கள். நோட்டைப் புரட்டினால் 'நுழைவுக் கட்டணம்' என்ற தலைப்பின் கீழ் எனக்கு இன்றும் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. எதிரே பேனாவால் 'அவசியமான செலவு' என்று குறித்திருக்கிறேன்.